நாங்கள், நாம்

நண்பர் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: “மொழியியல் படித்தீர்கள், முனைவர் பட்ட ஆய்வும் செய்கிறீர்கள். இறைநம்பிக்கை இருக்கட்டும், அது உங்கள் உரிமை. ஆனால் ஞாயிறுதோறும் இரண்டு பேருந்து மாறி ஆலயத்திற்குப் போய்த்தான் ஆகவேண்டுமா? அறைக்குள் அமர்ந்து ஜெபித்தால் கடவுள் கேட்கமாட்டாரா?”

கேட்பார். அதில் எனக்கு ஐயமில்லை. அறைக்குள் போய்க் கதவை அடைத்து ஜெபிக்கும்படி இயேசுவே சொல்லியிருக்கிறார். மத்தேயு 6ஆம் அதிகாரம், 6ஆம் வசனம். ஆனால் மூன்று வசனங்கள் தள்ளி அவர் கற்றுக்கொடுக்கும் ஜெபத்தைப் பாருங்கள். அதில் ‘என்’ என்ற சொல்லே கிடையாது. பிதா, அப்பம், மன்னிப்பு, சோதனை எல்லாம் பன்மையில் வருகின்றன. கதவை அடைத்துக்கொண்டு தனியாக இருப்பவனும் பன்மையில்தான் ஜெபிக்க வேண்டியிருக்கிறது. யாருக்காக இந்தப் பன்மை என்ற கேள்வியே என்னை ஞாயிறுதோறும் பேருந்து ஏற்றுகிறது. ஒரு வரியில் முடிகிற பதில் அன்று என்பதால் இங்கே சற்று நீளமாக எழுதுகிறேன். நண்பர்கள் பொறுத்தருள்க.

தமிழில் தன்மைப் பன்மைக்கு இரண்டு சொற்கள் உண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’. அவரை நீக்கிவிட்டால் ‘நாங்கள்’. தெலுங்கிலும் இவ்வாறே ‘மனமு’, ‘மேமு’ என்று இரண்டு. ஆங்கிலத்திலும் இந்தியிலும் இந்த வேறுபாடு இல்லை. புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்கத்திலும் இல்லை. ஆகவே 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு தொடங்கி, வேதாகமத்தைத் தமிழாக்கிய ஒவ்வொருவரும் மூலத்தில் இல்லாத ஒரு முடிவை ஒவ்வொரு இடத்திலும் எடுக்க வேண்டியிருந்தது. கடவுளை நோக்கிப் பேசும்போது ‘எங்கள்’. ஏனெனில் அவரை அந்தக் கூட்டத்தில் ஒருவராக எண்ண இயலாது. சபைக்கு எழுதும் நிருபங்களில் ‘நம்முடைய’. எழுதுபவரும் வாசிப்பவரும் ஒரே கூட்டம்.

மாற்கு 4ஆம் அதிகாரத்தில் புயலடிக்கிறது. இயேசு படகின் பின்னணியத்தில் தூங்குகிறார். சீஷர்கள் அவரை எழுப்பித் தாங்கள் மடிந்துபோவதைச் சொல்லி முறையிடுகிறார்கள். அங்கே வர வேண்டியது ‘நாமா’, ‘நாங்களா’? நம் பழைய மொழிபெயர்ப்பு ‘நாங்கள்’ என்கிறது. மூழ்குகிற படகில் அவரும் இருக்கிறார். ஆயினும் அச்சத்தில் இருப்பவர்கள் தங்களை மட்டுமே எண்ணுகிறார்கள். மொழிபெயர்த்தவர் எக்காரணத்தால் அச்சொல்லைத் தேர்ந்தாரோ, ஒரே படகில் இருந்துகொண்டே ‘நாங்கள்’ என்று பேச முடியும் என்பதை நான் முதலில் கற்றது அந்த வசனத்திலிருந்துதான். சபை வாழ்க்கையின் முழுச் சிக்கலும் இதில் அடங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது.

2019இல் முதுகலை படிக்க ஐதராபாத்துக்கு வந்தேன். அன்றுமுதல் செகந்திராபாத்திலுள்ள ஒரு சிறிய தமிழ்ச் சபையில் இருக்கிறேன். 1806இல் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் அமைந்த படைவீட்டு நகரம் இது. சென்னை மாகாணப் படையோடு வந்த தமிழ்க் குடும்பங்கள் உண்டு. இரயில்வேக்கு வந்தவர்கள் உண்டு. 1966இல் தென்மத்திய இரயில்வேயின் தலைமையகம் இங்கே அமைந்தபின் மாற்றலாகி வந்தவர்கள் உண்டு. கணினி நிறுவனங்களுக்காக நேற்று வந்தவர்களும் உண்டு. எங்கள் சபையில் ஏறத்தாழ 60 குடும்பங்கள். ஓய்வுபெற்ற இரயில்வே ஊழியர், செவிலியர், தையற்காரர், மென்பொருள் பொறியாளர், விடுதி மாணவர் எல்லாரும் ஒரே வரிசையில் அமர்கிறோம்.

இங்கே பிறந்த பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் தெருவில் தெலுங்கும் தக்கினியும் பேசுகிறார்கள். பலருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. திரையில் பாமாலையும் கீர்த்தனையும் ரோமன் எழுத்தில் ஓடும். அதைப் பார்த்துப் பாடுவார்கள். ஆனால் ஆசீர்வாதம் கூறப்படும்போது ‘இருப்பதாக’, ‘காப்பாராக’ என்ற வியங்கோள் வினைமுற்றுகளை ஒரு பிழையுமின்றி உடன் சொல்வார்கள். பேச்சுத் தமிழில் வழக்கொழிந்துபோன வடிவம் அது. என் நெறியாளர் கேட்டால் மகிழ்வார். எந்த வகுப்பறையும் அதை அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. பெரியவர்களுக்கு நடுவே நின்று, வாரந்தோறும் ஒரே வாக்கியத்தைச் சேர்ந்து சொன்னதால் வந்தது. நம்பிக்கையும் பெரும்பாலும் அவ்வாறே வருகிறது என்று எண்ணுகிறேன். ஒருவன் தனியாக யோசித்து முடிவுக்கு வந்து பின் சபையில் சேருவது அரிது. சேர்ந்து சொல்லிச் சொல்லியே அதன் பொருளுக்குள் நுழைகிறோம்.

இவ்வளவோடு நிறுத்தினால் அழகான பதிவாக இருக்கும். ஆனால் உண்மையாக இராது. தமிழ்ச் சபைக்குள் ‘நாங்கள்’ என்ற சொல் என்னென்ன செய்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடுகள் கூடா என்று சுற்றறிக்கை விடுத்தார். ஆலயத்தில் தனித்தனி இருக்கை, திருவிருந்தில் யார் முந்தி, ஒரே பாத்திரத்தில் பருகுவதா என்பனவே அன்றைய பூசல். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் கடும் எதிர்ப்பு எழுந்தது. பலர் சபையை விட்டு வெளியேறினர். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, நாம் இன்றும் மனமுருகிப் பாடும் கீர்த்தனைகளைத் தந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், சாதி ஆசாரங்களைக் காத்து நின்று நூல் எழுதினார். அவர் பாடல்களை நான் பாடாமல் இருப்பதில்லை. பாடும்போது இந்தச் செய்தியை மறப்பதுமில்லை.

இது எனக்கு வெறும் வரலாறு அன்று. தென் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்தவன் நான். எங்கள் ஊர்ச் சபைக்கு ஒரே ஆலயம், இரண்டு கல்லறைத் தோட்டம். என் ஆச்சி ஐம்பது ஆண்டுகள் அந்த ஆலயத்தின் தரையைப் பெருக்கினாள். அரிசி உலையிலிடும்போதெல்லாம் ஒரு கைப்பிடியை எடுத்து வைத்துப் பிடியரிசிக் காணிக்கையாகக் கொடுத்தாள். அந்த அரிசி எல்லார் வீட்டு அரிசியோடும் ஒரே சாக்கில் கலந்தது. அவள் உடலை மட்டும் ஓடைக்கு அப்பாலுள்ள தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். “உங்களுக்கு எந்த ஊர்? ஊரில் எந்தத் தெரு?” என்று ஆலயத்து வாசலில் யாராவது அன்போடு விசாரித்தால், கேள்வி எங்கே போகிறது என்பது இன்றும் என் உடம்புக்கு முதலில் தெரியும், மனத்திற்குப் பிறகுதான்.

அப்படியானால் ஏன் போகிறேன்? நண்பர் கேட்டதைவிடக் கடினமான கேள்வி இது. நானே என்னிடம் பலமுறை கேட்டது.

ஆங்கிலிகன், மெதடிஸ்டு, காங்கிரிகேஷனல், பிரஸ்பிடேரியன் மரபினர் இணைந்து 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. அது 1950இல் வெளியிட்ட நற்கருணை ஆராதனை முறைமையில் ஒரு சிறு செயல் இடம்பெற்றது. சமாதானம் வழங்குதல் என்பார்கள். கேரளத்துச் சிரியன் மரபிலிருந்து எடுத்துக்கொண்டது. ஆயர் தம் கையால் உதவியாளரின் கையைப் பற்றிச் சமாதானம் கொடுப்பார். அவர் முதல் வரிசைக்கு. அங்கிருந்து ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு, கடைசி வரிசை வரை. சொற்பொழிவால் ஆகாத ஒன்றை இது கோருகிறது. பக்கத்தில் நிற்பவர் யாரென்று தெரிவு செய்ய இயலாது. அவரைத் தொடாமல் அடுத்தவருக்குச் சமாதானம் போகாது. தீண்டாமை வேரோடிய மண்ணில் இதை ஆராதனைக்குள் வைத்தவர்கள் எதை எண்ணி வைத்தார்களோ, என் கை அதை நன்றாகவே புரிந்துகொள்கிறது.

2020 மார்ச்சில் ஆலயங்கள் மூடப்பட்டபோது திறன்பேசித் திரையில் ஆராதனை பார்த்தோம். பிரசங்கம் தெளிவாகக் கேட்டது. பாட்டும் நன்றாக இருந்தது. ஆனால் சமாதானம் வழங்கும் இடம் வந்ததும் ஆயர் ஒரு கணம் நின்றார்; பின் கைகூப்பினார். விடுதி அறையில் நானும் கைகூப்பினேன். அறைக்குள் எது கிடைக்கும், எது கிடைக்காது என்பது அன்று எனக்கு விளங்கிற்று.

இன்னொரு செய்தி. ஆண்டுக்கொருமுறை அறுப்பின் பண்டிகை. வாழைத்தார், பூசணி, கோழி, வீட்டில் சுட்ட கேக் எல்லாம் காணிக்கையாக வந்து ஏலம் போகும். ஒரு பாட்டியம்மா தொட்டிச் செடியில் காய்த்த நான்கு எலுமிச்சம்பழம் கொண்டுவருவார். அதை ஒருவர் ஏலத்தில் எடுத்து மறுபடியும் ஏலத்துக்கே கொடுப்பார்; அடுத்தவரும் அவ்வாறே. அந்த நான்கு பழங்கள் கோழியைவிட அதிக விலைக்குப் போகும். பிறகு அசனம். எல்லாரும் பந்தியில் அமர்ந்து உண்போம்.

சில ஆண்டுகளுக்கு முன், சமையற்குழுவை அமைக்கும் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் மெல்லக் கேட்டார்: “அடுப்படியில் யார் யார் நிற்கப்போகிறார்கள்?” பொருள் புரியாதவர் அங்கே ஒருவரும் இல்லை. யாரும் பேசவில்லை. ஆயர் கோபிக்கவில்லை, பிரசங்கமும் செய்யவில்லை. சபையார் பட்டியலை எடுத்து வரச் சொல்லி, எல்லார் பெயரையும் சீட்டில் எழுதிக் காணிக்கைப் பையில் போட்டுக் குலுக்கினார். “இனி இப்படித்தான். அடுப்படி, பந்தி பரிமாறல், பாத்திரம் கழுவல் மூன்றுக்கும் சீட்டு” என்றார். அந்த ஆண்டு அம்மூத்தவர் குடும்பம் அசனத்துக்கு வரவில்லை. அடுத்த ஆண்டு சீட்டில் அவர் பெயரும் என் பெயரும் அடுப்படிக்கு விழுந்தன. வரமாட்டார் என்று எண்ணினேன். அதிகாலை ஐந்து மணிக்கு வந்து முக்காலியில் அமர்ந்தார். மூன்று மணிநேரம் எதிரெதிரே இருந்து சின்ன வெங்காயம் உரித்தோம். அதிகம் பேசவில்லை. “சின்ன வெங்காயத்தைத் தண்ணீரில் போடுங்க தம்பி, கண் எரியாது” என்று மட்டும் சொன்னார்.

அவர் மனம் மாறிற்று என்று நான் எழுதவில்லை. அது அவருக்கும் கடவுளுக்கும் தெரியும். நான் சமைத்த சாம்பாரை அவர் உண்டார். இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்தி உண்டுவிட, இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள் என்பதற்காகவே பவுல் திருவிருந்தைப் பற்றி அவ்வளவு கடுமையாக எழுத நேர்ந்தது. பந்தி ஒழுங்கும் விசுவாசப் பொருளே என்று நான் சொன்னால் மிகையாகக் கொள்ளாதீர்கள்.

அறையில் தனியாக ஜெபிக்கும்போது என் கடவுள் பெரும்பாலும் என்னோடு உடன்படுகிறார். என் காயங்கள் அவருக்குத் தெரியும். என் எதிரிகள் அவருக்கும் எதிரிகளாகவே தோன்றுகிறார்கள். சபையில் அது நடப்பதில்லை. நான் தேர்ந்தெடுக்காத மனிதர்களுக்குப் பக்கத்தில் நின்று, ‘எங்கள் பாவங்களை’ என்று அவர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்களும் என்னைச் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். 325இல் நிசேயாவில் கூடியவர்கள் தங்கள் விசுவாச அறிக்கையின் வினைச்சொல்லைப் பன்மையில் வைத்தார்கள். ஒருவனுடைய விசுவாசம் தளரும் வாரத்தில் மற்றவர்கள் அதைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்ற ஏற்பாடாகவே அதை நான் வாசிக்கிறேன். எனக்கும் அத்தகைய வாரங்கள் இருந்தன. வாயைத் திறக்காமல் நின்றிருக்கிறேன். சுற்றிலும் குரல்கள் நிற்கவில்லை.

‘விசுவாசிக்கிறோம்’ என்ற தமிழ் வினையின் ஓம் விகுதிக்கு ‘நாம்’, ‘நாங்கள்’ என்ற பாகுபாடு கிடையாது. எழுவாய் வெளிப்பட வராதவரை அது இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். எங்கள் ஊரில் இன்றும் அது ‘நாங்கள்’தான், ஓடை இன்னும் அங்கேயே ஓடுகிறது. இரண்டு தோட்டமும் ஒன்றாக வேண்டும் என்று சேகரக் குழுவுக்கு ஊர் இளைஞர்கள் மனு எழுதியிருக்கிறார்கள். நானும் கையொப்பமிட்டிருக்கிறேன். சபைக்கு வெளியே நின்று இதை எழுதியிருந்தால் அது விமரிசனமாக இருந்திருக்கும். உள்ளே நிற்பதால் மனுவாக இருக்கிறது. மறுத்தாலும் அடுத்த ஞாயிறு அதே முகங்களைப் பார்த்தாக வேண்டும், அவர்களுக்கும் என்னைப் பார்த்தாக வேண்டும்.

இவ்வாண்டு அசனத்துக்குச் சீட்டுக் குலுக்கியாயிற்று. எனக்குப் பாத்திரம் கழுவல். செகந்திராபாத் பக்கம் இருக்கும் நண்பர்கள் எந்தச் சபையாராயினும், எந்தச் சமயத்தவராயினும் வரலாம். பந்திக்குச் சீட்டு கிடையாது.