கோச்சி போன பாதையில் நடந்தோம்

நுவரெலியா என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது வாவியும் பூந்தோட்டமும் சித்திரை மாதக் கூட்டமும்தான். அந்தச் சந்தடியை விட்டுக் கந்தப்பளை, இராகலைப் பக்கம் போனால் அமைதியான இன்னொரு மலைநாடு இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே சின்னப் புகையிரதம் ஒன்று ஓடியது.

நானுஓயாவில் பிரதான பாதையிலிருந்து பிரிந்து, நுவரெலியா, கந்தப்பளை ஊடாக இராகலை வரை போன பாதை அது. தண்டவாளத்தின் அகலம் இரண்டரை அடி மட்டுமே. 1903இல் கந்தப்பளை வரையும் 1904இல் இராகலை வரையும் திறந்தார்கள். அந்தப் பகுதித் தேயிலையைக் கொண்டுவருவதே முக்கிய நோக்கம். லொறிகள் வந்ததும் வருமானம் குறைந்தது. 1940களில் ஓட்டம் நின்றது. பின்னர் தண்டவாளங்களையும் கழற்றிவிட்டார்கள். இன்று அந்தத் தடத்தில் சில இடங்கள் வாகன வீதி, சில இடங்கள் தோட்டத்துப் பாதை.

2024 மாசியில் எங்கள் மாதர் சங்கத்துப் பெண்கள் ஒன்பது பேர் கிளிநொச்சியிலிருந்து அங்கு போனோம். என் அம்மா இராகலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1977 கலவரத்தின் பின் வன்னிக்கு வந்த மலையகக் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அம்மா இருக்கும்வரை அந்த மலையைப் பற்றியே பேசுவார். அதைப் பார்க்கும் ஆசை எனக்கு.

கொழுந்து பறிக்கும் பெண்கள் ஏறும் குறுக்குப் பாதைகள் செங்குத்தானவை. கோச்சியால் அப்படி ஏற முடியாது. அதனால் பழைய தடம் மலையை அணைத்தபடி வளைந்து வளைந்து மெல்ல உயரும். காலில் ஷெல் துண்டோடு வாழும் அக்கா ஒருவரும் எங்களோடு ஆறுதலாக நடந்தார். ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் லீக்ஸ், கரட் பாத்திகள். வெயில் ஏறும்வரை புகார் கலையவில்லை.

வழியில் ஓய்வுபெற்ற தொழிலாளி அம்மா ஒருவர் லயத்து வாசலில் எங்களை இருத்தித் தேத்தண்ணீர் தந்தார். "எங்கம்மா சின்ன வயசுல இந்தக் கோச்சியப் பாத்திருக்காங்க. நாங்க பாத்ததெல்லாம் பாததான். கூடையத் தூக்கிக்கிட்டு இதுலதான் நடந்தோம்" என்றார். எவ்வளவு சொல்லியும் காசு வாங்கவில்லை.

நாங்களும் நிறைய நடந்தவர்கள். 2009இல் பிள்ளைகளையும் மூட்டைகளையும் சுமந்து நடந்த நடையை யாரும் மறக்கவில்லை. திரும்பும்போது எங்களில் ஒருவர் சொன்னார்: "கையில ஒரு பாரமும் இல்லாமல், பயமும் இல்லாமல் இண்டைக்குத்தான் நடந்திருக்கிறன்." அதன்பின் கொஞ்ச நேரம் யாரும் கதைக்கவில்லை.

எங்கள் ஊரிலும் தண்டவாளம் போய்ப் பாதை மிஞ்சிய காலம் இருந்தது. 1990இல் வடக்குக்கான ரயில் நின்றபின் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர்களுக்குப் போயின. அங்கே 2013 புரட்டாதியில் கிளிநொச்சிக்கும், 2014 ஐப்பசியில் யாழ்ப்பாணத்துக்கும் ரயில் திரும்பி வந்தது. இராகலைக்குக் கோச்சி திரும்பவில்லை. ஆனாலும் பாதை பயனற்றுப் போகவில்லை.

மலையகத்தின் தோட்டப் பாதைகளை இணைத்து, 'பீக்கோ ட்ரெயில்' என்ற நடைபாதையை 2023இல் திறந்தார்கள். 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கு மேல். கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாப் பக்கம் முடிகிறது. வெளிநாட்டவர் இயற்கையை இரசித்து நடக்கும் இப்பாதைகள் தோட்டத் தொழிலாளரின் கால்கள் தேய்த்தவை. அவர்கள் குடும்பங்களின் ரொட்டிக்கும் தேத்தண்ணீருக்கும் தங்குமிடத்துக்கும் வழிகாட்டலுக்கும் உரிய விலை கிடைத்தால்தான் இந்த அழகால் அவர்களுக்கும் பயன்.

சகோதரிகளே, நீங்களும் சிலராகச் சேர்ந்து போய் வாருங்கள். மாசி, பங்குனி மாதங்களில் மழை குறைவு. வழுக்காத சப்பாத்து, குளிருக்கு உடுப்பு, அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் தேவை. 2025 கார்த்திகையில் 'டித்வா' புயலால் மலையகத்தில் பெரும் மண்சரிவுகள் ஏற்பட்டன. ஆகவே எந்தப் பாதையில் இறங்குமுன்னும் அவ்வூர் மக்களிடம் கேளுங்கள். அவர்கள் தரும் தேத்தண்ணீருக்குக் காசு வாங்க மறுத்தால், பிள்ளைகளுக்குக் கொப்பிகளாவது கொண்டுபோய்க் கொடுங்கள்.