குறுந்தகட்டில் ஆச்சியின் குரல்

அன்று ஓலையில் எழுத்தாணியால் எழுதினர். பிறகு தாளில் அச்சிட்டனர். இன்று ஒளியாலும் எழுதுகிறோம். முறை மாறினாலும் நோக்கம் ஒன்றே. பின்னால் வருவோர் அதைப் படிக்க வேண்டும் என்பதே அது. நம் தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயல் பகுதியில் தொண்டாற்றிய அண்டிரிக் அடிகளார், 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலை அச்சிட்டார். பதினாறே பக்கங்கள் கொண்ட அந்நூலின் படியொன்று அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தப்பிப் பிழைத்திருப்பதால் அதன் உருவத்தை இன்றும் காண்கிறோம். ஒரு படி பிழைப்பது எத்தனை பெரிய செயல்!

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் பெய்த பெருமழையை நெல்லை மக்கள் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். வண்ணார்பேட்டையில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டிலும் வெள்ளம் புகுந்தது. கணிப்பொறி பாழாயிற்று; புகைப்படங்கள் கூழாயின. சேற்றில் கிடந்த ஒரு குறுந்தகட்டை மட்டும் அவள் தாயார் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி வைத்திருந்தார். பள்ளிக் கணிப்பொறியில் இட்டதும் அது திறந்துகொண்டது! ஆனால் உள்ளிருந்த நாற்பது ஒலிக்கோப்புகளில் ஒன்றுக்கும் பெயரில்லை. எல்லாம் அடிக்கோடுகளும் எண்களுமாகவே இருந்தன. ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தோம். முப்பத்தோராவது கோப்பில், காலஞ்சென்ற ஆச்சி பாடிய தாலாட்டு ஒலித்தது. "எங்க அம்மை குரல்லா இது!" என்று சொல்லித் தோழியின் தாயார் சேலைத் தலைப்பால் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

அந்தத் தமிழ்ப் பெயர்கள் ஏன் அழிந்தன? இவ்வாண்டு எங்கள் கணிப்பொறி ஆசிரியையின் துணையோடு விடை தேடினோம். குறுந்தகட்டில் கோப்புகளை அடுக்குவதற்கு 1988-இல் 'ஐ.எஸ்.ஓ. 9660' என்னும் உலகத் தரம் வகுக்கப்பட்டது. அதன் அடிப்படை விதிப்படி ஆங்கிலப் பெரிய எழுத்துகள், எண்கள், அடிக்கோடு ஆகியவற்றால் மட்டுமே கோப்புக்குப் பெயரிட முடியும். 1995-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வகுத்த 'ஜோலியட்' என்னும் இணைப்புமுறை யூனிகோடு எழுத்துகளை ஏற்றுக்கொண்டது. அதனால் தமிழுக்கும் இடம் கிடைத்தது. எனினும் ஒரு பெயரில் 64 குறிகளுக்கு மேல் கூடாது.

இங்கேதான் சிக்கல். 'ஆச்சி' நமக்கு மூன்றெழுத்து. கணிப்பொறிக்கோ ஐந்து குறிகள்: ஆ, ச, புள்ளி, மீண்டும் ச, இகரக் குறி. நீண்ட பெயரை 64-ஆம் குறியோடு வெட்டினால் கடைசிப் புள்ளி தொலைந்து, 'கல்' என்பது 'கல' ஆகிவிடலாம்.

ஆகவே நாங்கள் ஐவர் சேர்ந்து ஒரு சிறிய மென்பொருள் நூலகத்தை உருவாக்கினோம். இது புத்தகங்கள் அடுக்கிய நூலகம் அன்று. வெவ்வேறு நிரல்கள் எடுத்தாளும்படி செயல்முறைகளைத் தொகுத்து வைப்பதே மென்பொருள் நூலகம். டெரெக் ஃபோர்மன், பென் ஜான்சன்ஸ் ஆகியோர் தொடங்கித் தாமஸ் ஷ்மிட் முதலியோர் வளர்த்த 'லிப்பர்ன்' அத்தகையதே. தகடெழுதும் கருவிக்குக் கட்டளையிடும் கடினமான பணியை அது செய்கிறது. அதை எவரும் படிக்கலாம், திருத்தலாம், கட்டணமில்லை. அதைக் கொண்டு இயங்கும் 'சோரிசோ' என்னும் மென்பொருளின் உதவியோடு, பைத்தான் மொழியில் எங்கள் நூலகத்தை எழுதினோம்.

அதில் நான்கு செயல்முறைகள் உண்டு. முதலாவது, தமிழெழுத்து எதுவும் பாதியில் முறியாதபடி பெயரைச் சுருக்கி, முழுப் பெயரைத் தனிப் பட்டியலில் எழுதி வைக்கும். இரண்டாவது, கோப்புகளை முறையாக அடுக்கும். மூன்றாவது, தகட்டில் எழுதும். நான்காவது, எழுதியதைத் திரும்பப் படித்து மூலத்தோடு ஒப்பிடும். இந்த நான்காவதே இன்றியமையாதது. குறுந்தகட்டின் சுருள் பாதை 5 கிலோமீட்டருக்கும் நீளமானது. லேசர் கதிர் அதன் சாயப் பூச்சைச் சுட்டு அடையாளமிடுகிறது. ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய தகட்டில் சுட்டதை அழித்துத் திருத்த இயலாது.

நாற்பது கோப்புகளுக்கும் தோழியின் தாயாரே பெயர் சொன்னார். இரண்டு தகடுகள் எழுதினோம். ஒன்று வண்ணார்பேட்டையில் இருக்கிறது. மற்றொன்று அம்பாசமுத்திரத்தில் அவள் மாமா வீட்டுக்குப் போயிற்று. ஒரே வெள்ளம் இரண்டையும் கொண்டுபோகக் கூடாதல்லவா?

தோழியரே, குறுந்தகடும் என்றென்றும் நிலைத்திருப்பதன்று. வெயில் பட்டால் சாயம் மங்கும். புதிய மடிக்கணிப்பொறிகள் பலவற்றில் அதைப் படிக்கும் கருவியும் இல்லை. எனவே இவ்விடுமுறையில் உங்கள் வீட்டு அலமாரியில் உள்ள பழைய தகடுகளை எடுத்துப் பாருங்கள். பெற்றோருடன் அமர்ந்து கேளுங்கள். பாடுவது யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று விசாரித்துத் தமிழிலேயே பெயரிட்டு, வேறொரு படி எடுத்து வையுங்கள். தகட்டைக் கழுவிக்கொள்ளலாம்; நிரலை எழுதிக்கொள்ளலாம். பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.