அரை டம்ளர் மோருக்கு அரை மணி நேரம்

உடல் எடையைக் குறைக்கும் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்புகிறவரிடம் ஊரே கேட்கும் கேள்வி ஒன்றுதான். "எத்தனை கிலோ குறைஞ்சிருக்கு?" புதுக்கோட்டையில் இருக்கும் அந்த டீச்சரிடமும் அதையேதான் கேட்டார்கள். "இன்னிக்கு எவ்வளவு தண்ணி குடிச்சம்மா?" என்று கேட்டது அவர் மகள் மட்டுமே.

டீச்சருக்கு வயது 44. எடை 116 கிலோ. பத்து வருடச் சர்க்கரை, மாடிப்படி ஏற விடாத முழங்கால். சென்னையில் 'ஸ்லீவ்' சிகிச்சை செய்துகொண்டார். இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் போல ஒரு குழாயாக விட்டுவிடுவார்கள். லேப்ராஸ்கோப்பி என்பதால் வயிற்றில் சின்னச் சின்னத் தழும்புகள்தான். "இவ்ளோதானா?" என்றார் கணவர். ஆபரேஷன் தியேட்டரில் அவ்வளவுதான். மீதி வேலை சமையலறையில் காத்திருந்தது.

முதல் இரண்டு வாரம் வெறும் திரவம். பருப்புத் தண்ணீர், வடிகட்டிய நீர்மோர். இருபது வருடமாக இரண்டு பீரியடுக்கு நடுவே தண்ணீரை மடமடவென்று குடித்துப் பழகியவருக்கு, ஒரே ஒரு மடக்கு கூடப்போனாலும் நெஞ்சை அடைத்தது. மாமியார் பரணில் இருந்து பாலாடையை இறக்கிக் கொடுத்தார். பேத்திக்குப் பால் புகட்டியது. அரை டம்ளர் மோர் உள்ளே போக அரை மணி நேரம் ஆனது. மெதுவாகக் குடி என்று எந்த டயட் சார்ட்டும் அந்தப் பாலாடை அளவுக்குப் புரியவைத்திருக்காது.

பிறகு மசித்த உணவு, அதன் பிறகு குழைந்தது. வழக்கமான சாப்பாட்டுக்கு வர ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆனது. அங்கேதான் சிக்கல். புரதம் முதலில், காய் அடுத்து, சோறு கடைசியில் என்றார் டயட்டீஷியன். நம் வீடுகளிலோ சோற்றுக்குப் பெயரே சாப்பாடு. "பருப்பை மட்டும் தின்னா உடம்பு எப்படிம்மா தாங்கும்? ரெண்டு வாய் சோறு சாப்பிடேன்" என்று மாமியார் தினமும் வருத்தப்பட்டார். சைவக் குடும்பம் வேறு. ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். 100 கிராம் பனீரில் கிடைப்பது சுமார் 18 கிராம், அதே அளவு தயிரில் மூன்று, நான்கு கிராம்தான். நாலு வாயில் நிறைந்துவிடும் வயிற்றுக்கு இந்தக் கணக்கு லேசில் ஒத்துவராது. மோரில் புரோட்டீன் பவுடர் கலந்துதான் சமாளித்தார்.

மூன்றாம் மாதம் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. எடை வேகமாகக் குறையும்போது பலருக்கும் வருவதுதான். புரதமும் சத்தும் சரியாக இருந்தால் சில மாதங்களில் திரும்ப முளைக்கும். முளைத்தது. முழங்கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தானாக மாத்திரை வாங்கக் கூடாது, சில வலி மாத்திரைகள் வயிற்றில் புண்ணாக்கிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். அதையும் மீறவில்லை.

பத்தாவது மாதம் 79 கிலோ. பழைய ரவிக்கைகள் எல்லாம் தையல்காரரிடம் போயின. "ஆளே மாறிட்டீங்க டீச்சர்!" ஆபத்து வந்தது இந்த இடத்தில்தான். ஆறாம் மாதப் பரிசோதனைக்குச் சென்னை போய் வந்தவர், பன்னிரண்டாம் மாதம் போகவில்லை. பொதுத்தேர்வு டியூட்டி, ராத்திரி ரயில், லீவு. அதோடு, "நல்லாத்தானே இருக்கேன்?" வைட்டமின் மாத்திரை அட்டை தீர்ந்தது. புது அட்டை வாங்கவில்லை. நோய் தீர்ந்தால் மாத்திரையை நிறுத்துவதுதான் நமக்குத் தெரிந்த வழக்கம். இந்த மாத்திரைகள் மூக்குக்கண்ணாடி மாதிரி. கழற்றினால் பழையபடி மங்கும்.

பதினைந்தாம் மாதம் பாதத்தில் எறும்பு ஊர்வது போல ஓர் உணர்வு. நாக்கு எரிந்தது. வருகைப் பதிவு எடுக்கையில் பிள்ளைகளின் பெயர் தடுமாறியது. சர்க்கரையின் வேலை என்று டீச்சரே முடிவு செய்துகொண்டார். உள்ளூர் டாக்டர்தான் ஆபரேஷன் விவரம் கேட்டு, பி12 பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அளவு அடிமட்டத்தில் இருந்தது.

உணவில் இருக்கும் பி12 ரத்தத்தில் சேர, இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதத்தின் துணை வேண்டும். இரைப்பையே சுருங்கிவிட்டது. சைவ உணவில் பி12 வரத்தே குறைவு. வருடக்கணக்கில் சாப்பிட்ட மெட்ஃபார்மின் மாத்திரையும் அதன் அளவைக் குறைக்கும். மூன்றும் ஒருவரிடமே கூடிவிட்டன. ஊசி போடத் தொடங்கிச் சில வாரங்களில் நாக்கு எரிச்சல் போனது, தடுமாற்றம் தெளிந்தது. இடது பெருவிரலில் மட்டும் மரத்த உணர்வு இன்னும் கொஞ்சம் பாக்கி. நரம்பு ரொம்ப நாள் காத்திருக்காது.

இப்போது ரத்தப் பரிசோதனை புதுக்கோட்டை லேபிலேயே. ரிப்போர்ட் சென்னைக்கு வாட்ஸ்அப்பில் போகிறது. வருடத்துக்கு ஒருமுறை நேரில். பி12, இரும்பு, வைட்டமின் டி, கால்சியம் என்று பட்டியல் நீளம். இரும்புச்சத்து மாத்திரை காலையில், காபிக்கு வெகு முன்னால். கால்சியம் சாயங்காலம். இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரும்பு சரியாகச் சேராது. அடுத்த பரிசோதனைத் தேதியை மகள் தினசரி காலண்டரில் மடித்து வைத்திருக்கிறாள்.

போன மாதம் உறவில் ஒரு கல்யாணம். பந்தியில் டீச்சர் இலையில் சோற்றை வைக்கப்போனவரைப் பக்கத்து இலையில் இருந்த மாமியார் தடுத்தார். "சோறு வேணாம்ப்பா. பருப்பு மட்டும் இன்னொரு கரண்டி போடு."