வளையும்போது மட்டும் கேட்கும் சத்தம்

யாழ்ப்பாணத்தில் பழைய கார் வைத்திருப்போர் அனைவரும் ஒரு சத்தத்தை அறிவர். நேர்வீதியில் அது வராது. சந்தியில் ஸ்ரியறிங்கை வளைக்கும்போது மட்டும் முன்சில்லுப் பக்கத்திலிருந்து 'டக்' என்றோ 'கிறீச்' என்றோ எழும். வானொலியைச் சற்றுக் கூட்டிவிட்டால் கேட்காது என்பதால் பலரும் அதனோடு சமாதானமாகி விடுகின்றனர்.

2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். வரிகளோடு சேர்த்துப் பார்த்தால் புதிய வாகனம் எம்போன்றோருக்கு எட்டாக் கனி. ஆகவே சுன்னாகத்துக் கராஜ்களில் பதினைந்து, இருபது வயதுக் கார்களே வரிசையில் நிற்கின்றன. எனது காரும் அவற்றுள் ஒன்று.

இச்சத்தத்தை நான் அலட்சியம் செய்யாமைக்குக் காரணம் உண்டு. எமது பிள்ளைப்பராயத்தில் வாடகைக் கார் என்றால் ஒஸ்ரின் ஏ 40, அல்லது மொறிஸ் மைனர். சுமிர்னாவிற் பிறந்த அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948இல் வெளிவந்தது. அதன் முன்சில்லைக் கீழே தாங்கி நிற்பது, மரையோடு கூடிய ஒரு சுழல்மூட்டு. கிறீஸ் ஒழுங்காக ஏற்றினால் அது பல்லாண்டு உழைக்கும். கிறீஸ் காய்ந்தால் மரை தேயும்; ஒருநாள் வண்டி வளையும் வேளையில் மூட்டுக் கழன்று, சில்லு உள்ளே மடிந்துவிடும்.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டதும் வடக்கின்மீது பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோலும் உதிரிப்பாகங்களும் தடைப்பட்டன. சிறிது பெற்றோலில் இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களை உலகெங்கும் சிதறி வாழும் எம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். அதே தொண்ணூறுகளில் தென்னிலங்கையில் மொறிஸ் மைனர் உதிரிப்பாகங்கள் செய்யப்பட்டுப் பிரித்தானியாவுக்கு ஏற்றுமதியாயின என்பதைப் பின்னாளில் அறிந்து வியந்தேன். ஓமந்தையைத் தாண்டி எமக்கு அவை வரவில்லை. இங்கே பட்டறைகளில் பழைய ரயர் இறப்பரை வெட்டிப் புஷ் செய்தார்கள்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது, நாவற்குழிப் பக்கம் ஒரு மொறிஸ் மைனர் முன்சில்லு மடிந்து ஓரமாய்ச் சாய்ந்து கிடந்ததைக் கண்டேன். அதனுள் இருந்த முதிய பெண்ணை இறக்கி, சைக்கிள் பாரில் இருத்தித் தள்ளிச் சென்றார்கள். மழை பெய்துகொண்டிருந்தது.

இன்றைய முன்சில்லுக் கார்களின் அமைப்பு வேறு, சத்தங்களும் வேறு. அவற்றை வகைபிரித்துக் கேட்கப் பழகுவது கடினமன்று. வெறும் வளவொன்றில் ஸ்ரியறிங்கை முற்றாக வளைத்து மெதுவாக வட்டமடிக்கும்போது 'டக் டக் டக்' என்று தொடர்ந்து கேட்டால், பெரும்பாலும் சீ.வீ. ஜொயின்ற். அதன் இறப்பர் உறை கிழிந்து, கிறீஸ் வெளியேறி, மணல் புகுந்திருக்கும். ஓடும்போது எழும் ஊளைச்சத்தம் வலப்புறம் வளைக்கையில் கூடினால், பாரம் சாயும் இடச்சில்லின் பெயாரிங்கைப் பார்க்க வேண்டும். கார் நின்ற நிலையில் ஸ்ரியறிங்கைத் திருப்பும்போதே 'டொங்' என்று சுருள்வில் அதிர்ந்தால், சொக் அப்சோபரின் மேல்மவுன்ற் இறுகியிருக்கலாம்.

எனது கார் பேசியது இந்த மூன்றாவது மொழியை. முதலிற் காட்டிய கராஜில், கீழே குனிந்தும் பாராமல், ஸ்ரியறிங் றாக் முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார்கள். கேட்ட தொகை எனது இரண்டு மாத வருமானம். எண்பது கடந்த அம்மாவை மாதந்தோறும் கிளினிக்குக் கொண்டுசெல்வது அந்தக் காரில்தான்; விற்கவும் முடியாது, விடவும் முடியாது.

அயலவர் சொல்லிச் சுன்னாகத்தில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனேன். "ஐயா, நீங்கள் ஏறியிருந்து மெல்ல வளையுங்கோ" என்றார். தாம் முன்சில்லின் சுருள்வில்லில் விரல்களை மெல்ல வைத்துக்கொண்டார். வில் சீராகச் சுழலாமல், இறுகி நின்று திடீரெனத் துள்ளியது. "இதுதான் சத்தம். மேல்மவுன்ற் போட்டுது. இது ஆளைக் கொல்லாது" என்றார்.

பின் காரை ஜக்கில் உயர்த்தி, ஸ்ராண்டில் இருத்தி, சில்லை மேலும் கீழும் பற்றி அசைத்தார். இடச்சில்லில் மெல்லிய ஆட்டம். கீழே போய்ப் பார்த்துவிட்டு, "போல் ஜொயின்ற் தேய்ஞ்சு போச்சு. இதுதான் ஆளைக் கொல்லுறது. இது சத்தமே போடயில்லை, பாருங்கோ" என்றார்.

மேல்மவுன்ற்றுகளை இருபுறமும் மாற்றினார். சுருள்வில்லை அதற்குரிய கருவியால் அமுக்கியே கழற்றினார். அது கை தவறினால் உயிர் பறிக்கும் வேலை என்பதால் வீட்டில் எவரும் முயல வேண்டாம். போல் ஜொயின்ற் புதிதாயிற்று. சில்லுகளின் நேரமைவும் சரிபார்க்கப்பட்டது. முதற் கராஜ் கேட்டதில் நாலில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

வளையும்போது சத்தம் கேட்டால், எப்போது, எந்தப் பக்கம், நின்ற நிலையிலா ஓட்டத்திலா என்று குறித்துக்கொண்டு செல்லுங்கள். சத்தம் போடும் பாகத்தை மாற்றியதோடு திரும்பிவிடாமல், சில்லை உயர்த்தி அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் போதும்.