பழுப்புதான், அழுக்கில்லை பாஸ்!

'டேய், நீ பல்லே தேய்க்க மாட்டியா?'

தர்மபுரியிலிருந்து காலேஜுக்கு வர்ற என்னை மாதிரி பசங்ககிட்ட ஹாஸ்டலில் கேட்கிற முதல் கேள்வி இதுதான். தினமும் ரெண்டு வேளை தேய்க்கிறோம் பாஸ்!

எங்க ஊர் போர் தண்ணியில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பல் உருவாகிற வயசில் அதிகமா உள்ளே போனால், எனாமல் உறுதியா அமையாது. கறை அதுக்குள்ளேயே இறங்கிடும். ஒகேனக்கல் குடிநீர் 2013-ல் வந்தது. அதுக்குள்ள என் முன்பற்கள் ஈறுக்குள்ளேயே ரெடி!

கேம்பஸ் இன்டர்வியூ நெருங்கினதும் பல் டாக்டர்கிட்ட போனேன்.

'கிளீன் பண்ணினா போயிடுமா?'

'காரையும் மேல்கறையும்தான் போகும்.'

'பிளீச்சிங்?'

'லேசான கறைன்னா மங்கும். கொஞ்ச நாள் கூச்சம் இருக்கும். அடர்பழுப்புக்குப் பத்தாது.'

'வெனீர்?'

பல்லின் முன்பக்கம் ஒட்டுற மெல்லிய ஓடு அது. பளிச்னு இருக்கும். ஆனா, அதுக்காகப் பெரும்பாலும் எனாமலைச் செதுக்கணும். செதுக்கின எனாமல் திரும்ப வளராது. வெனீரையும் என்னிக்காவது மாத்தியாகணும்.

ஸோ, 'எவ்வளவு வெள்ளையாகும்?'னு கேட்கிறதுக்கு முன்னாடி, 'எவ்வளவு செதுக்குவீங்க?'னு கேளுங்க. எலுமிச்சை, கரித்தூள் வைத்தியமெல்லாம் வேண்டவே வேண்டாம். இருக்கிற எனாமலும் தேஞ்சிடும்.

மேல் எனாமலை மட்டும் மெலிசா தேய்க்கிற மைக்ரோஅப்ரேஷனோட நான் நிறுத்திக்கிட்டேன். கொஞ்சம் பழுப்பு மிச்சம் இருக்கு. இருக்கட்டுமே! எங்க சீனியர் ஒருத்தர் வாயைக் கையால் மூடிக்கிட்டே இன்டர்வியூவில் பதில் சொன்னாராம். நான் சிரிச்சுக்கிட்டேதான் சொல்லப்போறேன்!