கீழ்ச்சுரத்தின் கூலி

இசைக்குழுவொன்றிலே பேஸ் கிற்றார் வாசித்தவர் யார் என்று கேட்டால், முன்வரிசையில் அமர்ந்து விடிய விடியக் கேட்டவர்கள்கூடப் பதில் சொல்லத் தயங்குவர். பாடியவரின் பெயர் அவர்களுக்குத் தெரியும். கீபோட்டில் ஓடிய விரல்களின் வேகம் நினைவிலிருக்கும். ஒக்ரபாட்டில் முழங்கிய இளைஞனைப் புகழ்வர். நான்கு தடித்த தந்திகளோடு மேடையின் ஓரத்தில் நின்றவனை எவரும் கவனித்திரார். ஆயினும் அவன் கையை எடுத்த மறுகணமே பாட்டு வெறுமையாகிவிட்டதை எல்லோரும் உணர்வர். அந்த வெறுமை எதனால் வந்தது என்று மட்டும் அவர்களாற் சொல்ல முடியாது. முள்ளியவளையிலும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களிலும் கோயில் திருவிழா மேடைகளிலே அந்த ஓரத்தில் நின்று பழகிய நாம், எமது கருவியைப் பற்றியும் சக கலைஞரைப் பற்றியும் கொண்டுள்ள கருத்துக்களை இங்கே சொல்ல விரும்புகிறோம்.

எமது கருவி ஒரு தொழிலாளியின் தேவையிலிருந்து பிறந்தது. முன்னர் மேலைநாட்டு இசைக்குழுக்களில் கீழ்ச்சுரத்தைக் கொடுத்தது ஆளுயரமான டபிள் பேஸ். அதைச் சுமந்து ஊர் ஊராகச் செல்வது பெரும் வதை. ஏனைய கருவிகள் மின்சாரத்தால் உரத்துவிட்ட பின்னர் அதன் குரல் கேட்கவும் இல்லை. கலிபோர்னியாவில் வானொலி திருத்தும் கடையிலிருந்து தொழிலைத் தொடங்கிய லியோ பெண்டர், 1951ஆம் ஆண்டில் தோளில் மாட்டக்கூடிய மின்சாரப் பேஸ் கிற்றாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். சுரம் பிசகாதிருக்கக் கழுத்திலே உலோகக் கட்டைகளைப் பதித்து, அதற்குப் ‘பிரிசிஷன்’ என்று பெயரும் வைத்தார். அவர் கிற்றார் வாசிக்கத் தெரிந்தவரல்லர் என்பது கவனிக்கத்தக்கது. வாசிப்பவனின் தோள்வலியை அறிந்துகொள்ள அவருக்கு வாசிப்புத் தேவைப்படவில்லை.

இளைஞர்கள் எம்மிடம் வந்து, “அண்ணை, எந்தக் கொம்பனிக் கிற்றார் வாங்கலாம்?” என்று கேட்கிறார்கள். கடன்பட்டாவது பெயர்பெற்ற கொம்பனியின் கருவியை வாங்கிவிட்டால் இசை தானாக வந்துவிடும் என்ற மயக்கத்தை விளம்பரங்கள் அவர்கள் உள்ளத்தில் ஊட்டியிருக்கின்றன. கழுத்து வளையாத, சுரம் நிலைக்கின்ற எந்தக் கிற்றாரும் போதும் என்பதே எமது கருத்து. அமெரிக்காவின் டெட்ரோயிற் நகரத்து ஜேம்ஸ் ஜேமர்சன் பெரும்பாலும் ஒரே கிற்றாரில், மாற்றாத பழந்தந்திகளில், வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றினால் வாசித்தே உலகத்தின் பேஸ் வாசிப்பை மாற்றினார்.

மிச்சம் பிடிக்கும் பணத்தை அம்பிளிபயருக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவிடுங்கள். கிற்றாரின் மிகத் தாழ்ந்த தந்தி செக்கனுக்கு ஏறத்தாழ 41 தடவை மட்டுமே அதிர்கிறது. இவ்வளவு மெதுவான அதிர்வைக் காற்றிலே பரப்புவதற்கு அகன்ற ஒலிபெருக்கியும், மேற்சுரங்களுக்கு வேண்டியதைப் போலப் பல மடங்கு மின்வலுவும் வேண்டும். பந்தலின் பின்னால் இயங்கும் ஜெனரேற்றர் களைக்கும்போது முதலிற் குழைந்துபோவது எமது ஒலியே.

மின்சாரத்தின் அருமையை வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பொருளாதாரத் தடை நிலவிய 1990களில் வானொலிக்குப் போடும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்தது. சைக்கிளின் டைனமோவைச் சுழற்றிப் பாட்டுக் கேட்ட தலைமுறை எமது தலைமுறை. கைப்பிடியளவான அந்த ஒலிபெருக்கிகளால் 41 அதிர்வுகளைத் தர முடியாது. ஆனாலும் மனிதச் செவி விந்தையானது. மேலே ஒலிக்கும் துணைச்சுரங்களைக் கொண்டே, கேளாத அடிச்சுரத்தை அது தானாகக் கட்டிக்கொள்கிறது. இருப்பதை வைத்து இல்லாததைக் கட்டிக்கொள்ளும் இத்திறமை செவிக்கு மட்டும் உரியதன்று. எம் மக்களுக்கும் உரியது. 2008இன் இறுதியில் ஊரே இடம்பெயர்ந்தபோது, அரிசியையும் குழந்தையையும் சுமந்தவன் அம்பிளிபயரைச் சுமக்க முடியவில்லை. மீண்டு வந்தபின் ஒரு கம்பியிலிருந்தும் ஒரு பலகையிலிருந்தும் குழுக்கள் மறுபடி எழவேண்டியிருந்தது.

எமது ஊரிலே மின்சாரத்தை எதிர்பாராத கலையொன்றும் உண்டு. வற்றாப்பளைக் கண்ணகை அம்மனின் வைகாசிப் பொங்கலையும், அதற்கு முன்னர் முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் கடல்நீரால் எரியும் விளக்கையும் அறிந்தவர்கள், முல்லைமோடிக் கோவலன் கூத்தையும் அறிவர். அந்தக் கூத்தின் மத்தளகாரரை நாம் எமது முதல் ஆசானாகக் கொள்கிறோம். மத்தளத்தின் ஒரு பக்கம் பேசும். மறு பக்கம் தாங்கும். தாங்குகின்ற அந்தக் கனத்த ஒலியே ஆடுபவனின் பாதத்துக்கு நிலம். எங்கே அடிப்பது என்பதைவிட எங்கே கையை நிறுத்துவது என்பதே பெரிய கல்வி என்பதை எந்த இசைப் புத்தகத்திலுமன்றி அந்த மத்தளத்திலேதான் நாம் கற்றோம். பேஸ் கிற்றார்காரனுக்கு உற்ற தோழன் தாளக்காரனே. இருவரும் ஒரே மூச்சில் நின்றால் பாடகர் தடுமாறினாலும் பாட்டு விழாது. பாடகரைக் குறைவாகச் சொல்கிறோமென்று எவரும் கொள்ள வேண்டாம். நாம் அமைத்த நிலத்தில் அவர் நடக்கிறார் என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம்.

எமது குழுக்கள் பெரும்பாலும் திரையிசையையே வாசிக்கின்றன. அதிலும் எமக்கு மனத்தாங்கல் இல்லை. பேஸ் கிற்றாருக்குத் தனி நடையும் தனிப் பேச்சும் உண்டென்பதைத் தமிழருக்குக் காட்டியது இளையராஜாவின் பாட்டுக்களே. ஆனால் அப்பாட்டுக்களை மனப்பாடமாக அறிந்த எத்தனை பேருக்கு, அவற்றில் பேஸ் வாசித்த சசிதரனின் பெயர் தெரியும்? ரகுமானின் பாட்டுக்களை விரும்பும் எத்தனை பேர் கீத் பீற்றர்ஸை அறிவர்? இது தமிழகத்துக்கு மட்டும் உரிய குறையன்று. மேலே சொன்ன ஜேமர்சன், மோட்டவுன் நிறுவனத்துக்காக 1959 முதல் வாசித்தார். அவர் வாசித்த பாட்டுக்கள் உலகெங்கும் விற்றன; அவருடைய பெயரோ ஆண்டுக்கணக்காக இசைத்தட்டுக்களில் இடம்பெறவில்லை. மார்வின் கேயின் 1971ஆம் ஆண்டு இசைத்தட்டிலேதான் வாத்தியக்காரரின் பெயர்கள் அச்சாகின. 1983இல் ஜேமர்சன் இறந்தபோது, அவரைக் கேட்டவர்கள் கோடிக்கணக்கானவர்கள், அறிந்தவர்களோ சிலர்.

பெயர் மறைவது வெறும் மானப் பிரச்சினை என்று நினைப்பவர்கள் எமது மேடைகளின் கணக்கைப் பார்க்க வேண்டும். திருவிழாக் குழுவின் பணம் குறைகிறதென்றால் முதலில் வெட்டப்படுகிறவன் பேஸ் கிற்றார்காரன். “கீபோட்டின் இடக்கை அந்த வேலையைச் செய்துவிடும்; இல்லையேல் பதிவுசெய்த இசையை ஓடவிடுவோம்” என்கிறார்கள். ஓர் ஊரில் எமக்கு நேரிலேயே சொன்னார்கள்: “உங்கட சத்தம் வெளியில கேக்கிறேல்லைத்தானே, தம்பி.” கைத்தொலைபேசியில் பாட்டுக் கேட்டுப் பழகிய காதுகளுக்கு அது உண்மையாகவே படலாம். இயந்திரத்தை நாம் பகைக்கவில்லை. எமது கருவியும் இயந்திரத்தின் பிள்ளையே. ஆனால் பதிவுசெய்த இசை, பாடுகிற சிறுமியின் மூச்சுத் தளர்வதைக் கண்டு ஒரு கணம் காத்து நிற்காது. அருகில் நிற்கும் மனிதனே காத்து நிற்பான். அவனை நீக்கி மிச்சப்படுத்தும் பணம் பார்வையாளருக்குத் திரும்பி வருவதுமில்லை. மேடையின் மின்விளக்குகளுக்கும் வரவேற்பு வளைவுக்கும் போய்விடுகிறது.

கண்ணுக்குத் தெரியாத உழைப்பை மலிவான உழைப்பென்று கருதுவது எமது சமுதாயத்தின் நெடுநாளைய வழக்கம். பறையின் ஒலியில்லாமல் நல்லதும் கெட்டதும் நடவாத ஊர்களிலேதான், பறையடித்தவனை முற்றத்துக்கு வெளியே நிறுத்தினார்கள். வயலில் நாற்று நட்ட பெண்ணின் கூலி ஆணின் கூலியிற் குறைந்தே வந்தது. மேடையின் ஓரத்தில் நிற்பவனின் கணக்கும் அந்தப் பேரேட்டின் இன்னொரு பக்கமே.

ஆகவே எமது வேண்டுகோள் பெரியதன்று. நிகழ்ச்சியைத் தொடங்கும்போது ஒலிவாங்கியின் முன் நிற்பவர், மேடையிலுள்ள அனைவரின் பெயரையும், கம்பி இழுத்த பையனின் பெயர் உட்பட, ஒருமுறை வாசிக்கட்டும். கிடைக்கும் பணத்தைக் குழுவினர் வெளிச்சத்தின் அளவுப்படி பங்கிடாமல், உழைத்த மணித்தியாலத்தின்படி பங்கிடட்டும். இசை பயில வரும் பிள்ளைகளுக்குப் பாட்டோடு மத்தளத்தின் தாங்கும் பக்கத்தையும் கற்பிக்கட்டும். வாசகர்களுக்கும் ஒன்று சொல்வோம்: அடுத்த திருவிழாவில் ஒரு பாட்டையாவது பாடகரை விட்டுவிட்டு, அவருக்குக் கீழே நடக்கும் சுரத்தைத் தொடர்ந்து கேளுங்கள். காதில் விழாவிட்டால் பந்தற்காலிற் கையை வைத்துப் பாருங்கள், அது அதிர்ந்துகொண்டிருக்கும்.