ஓசியில கிடைக்குது, அப்புறம் ஏன் காசு?

பிள்ளைங்க கம்ப்யூட்டர்ல கேம் வாங்கற வீடா உங்களோடது? இந்த த்ரெட் உங்களுக்குத்தான்.

மயிலாப்பூர்ல ஒரு அப்பா கேட்டார்: "எபிக் ஸ்டோர்ல வாராவாரம் ஓசியில கேம் தர்றான் டாக்டர். என் பையன் ஸ்டீம்லதான் வாங்கணும்னு நிக்கறான். இது அடிக்‌ஷனா?"

இதை வச்சு அப்படிச் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனத்தோட ஐசிடி-11 பார்க்கறது வேற: ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியல, மத்த எல்லாத்தையும் அது பின்னுக்குத் தள்ளுது, கெடுதல் தெரிஞ்சும் தொடருது. பொதுவா 12 மாசம் இப்படி இருக்கணும். எந்தக் கடைங்கறது அதுல வராது.

மெடிக்கல் ஷாப்பை நினைச்சுப் பாருங்க. தி.நகர்ல தள்ளுபடிக் கடை இருந்தாலும் அடையாறு ஆள் தெருமுனைக் கடைக்கே போவார். அங்க அட்டையைக் கிழிச்சு நாலு மாத்திரை தருவாங்க. போன மாசம் என்ன வாங்கினார்னு கடைக்காரருக்குத் தெரியும்.

ஸ்டீம் 2003-ல வந்தது. இந்தியாவுக்கு ரூபாய் விலை 2015 நவம்பர்லதான் போட்டாங்க. அதே வருஷம் ஜூன்ல வந்ததுதான் பெரிய விஷயம்: வாங்கி 14 நாளுக்குள்ள, 2 மணி நேரத்துக்கும் குறைவா ஆடியிருந்தா, காரணம் கேட்காம பணம் திரும்பும். நம்ம ஊர்ல துணிக்கடையிலயே "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது"ன்னு பில்லுல அடிச்சிருப்பாங்க!

அப்புறம் ரிவ்யூ. எழுதினவர் அந்த கேமை எத்தனை மணி நேரம் ஆடினார்னு பக்கத்துலயே காட்டும். டாக்டர்களுக்கே அப்படி ரிவ்யூ வந்தா நல்லாருக்கும், சரி விடுங்க.

எபிக் கடை திறந்தது 2018 டிசம்பர்ல. கேம் செய்யறவங்ககிட்ட அதிகபட்சம் 12 சதவீதம்தான் கமிஷன், ஸ்டீம்ல வழக்கமா 30. 2020 மே மாசம் ஜிடிஏ 5-ஐ ஓசியில கொடுத்தப்ப கூட்டம் தாங்காம சைட்டே படுத்துடுச்சு. ஆனா நிறைய பொருள் சேர்த்து ஒரே பில் போட ஒரு கூடை அந்தக் கடைக்கு வந்தது 2021 டிசம்பர்ல! கமிஷன் குறைச்சல்ங்கறது விக்கறவங்களுக்கு லாபம். வாங்கற பையன் கண்ணுல படறது கூடையும் ரிவ்யூவும்தான்.

இன்னொரு காரணம் எனக்குப் பிடிக்காதது. நூறு கேம் ஒரே கணக்குல சேர்ந்துட்டா, நூத்தியோராவதை வேற கடையில வாங்க மனசு வராது. நண்பர்கள் லிஸ்ட், சேவ் பண்ணின ஆட்டம் எல்லாம் அங்கதான். அந்த நூறும் உங்க சொத்து கிடையாது. வாங்கறது லைசென்ஸ் மட்டும்தான்னு 2024 அக்டோபர்லேர்ந்து ஸ்டீமே பணம் கட்டற பக்கத்துல சொல்லுது. கணக்கை இன்னொருத்தருக்கு மாத்தித் தரவும் முடியாது. இன்ஸ்டாலர் ஃபைலையே கையில தர்ற கடை வேணும்னா போலந்துக்காரங்களோட ஜிஓஜி இருக்கு.

அதனால பையன் கணக்கை உங்க ஈமெயில்ல திறக்காதீங்க. அவன் பேர்லயே, அவன் ஈமெயில்லயே இருக்கட்டும். ஸ்டீம்ல கணக்கு வைக்க 13 வயசு ஆகியிருக்கணும். ஸ்டீம் ஃபேமிலிஸ்ல 6 பேர் வரை சேரலாம். அவன் வாங்கக் கேட்டா ரிக்வெஸ்ட் உங்களுக்கு வரும், நீங்க ஓகே பண்ணி காசு கட்டலாம். தினம் எவ்வளவு நேரம்னும் அங்கயே செட் பண்ணலாம்.